உங்களுக்குத் தெரியுமா?

ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் வயல்வெளியில் 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை மைசூரின் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் முறியடித்தனர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-இல் எழுந்த தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் அந்தப் போர்தான் ஓவியம். நடுவில் சதுர வியூகம் வகுத்து நிற்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. பல்லக்கில் விரலைக் கடித்தபடி பெய்லி. சுற்றிலும் மைசூர்க் குதிரைப்படை. ரத்தக் களரிக்கு நடுவே திப்பு சாவகாசமாகப் பூவை முகர்வதுதான் ஓவியரின் குறும்பு. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி இந்த மாளிகையில்தான் தங்கினார். தம்மவர் தோற்ற காட்சியை அழிக்காமல் செப்பனிடவும் செய்தார். 1855-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு மீண்டும் வண்ணம் தீட்டச் செய்தார். ஆகவே இன்று தெரியும் வண்ணமெல்லாம் 1784-இல் பூசியதல்ல. இதே காட்சியைக் காகிதத்தில் தீட்டிய ஓவியம் ஒன்று 2022-இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விலைபோனது.