வரலாறு படித்தால் என்ன வேலை? பட்டத்தோடு ஒரு திறனும் சேர்ந்தால் திறக்கும் வழிகள்

கீழடியில் 2015இல் மத்தியத் தொல்லியல் துறை குழி தோண்டத் தொடங்கியபோது, அந்த ஊரின் பெயர் பக்கத்து மாவட்டத்துக்கே புதிது. இன்று அங்கே தனி அருங்காட்சியகம் நிற்கிறது. சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் குறித்த அறிக்கையை 2025 ஜனவரியில் மாநில அரசு வெளியிட்டபோது அது தலைப்புச் செய்தியானது. பானை ஓட்டுக் கீறல்களைப் பற்றித் தேநீர்க் கடைகளிலும் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் வரலாற்றின் மீது பொதுமக்களுக்கு இவ்வளவு ஆர்வம் இதற்குமுன் இருந்ததில்லை.

ஆனால் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. வரலாறு என்பது, கேட்ட பாடம் கிடைக்காதவர்கள் வந்து சேரும் வகுப்பாகவே பல வீடுகளில் கருதப்படுகிறது. "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று ஆண்டும் குடும்பத்தின் பணமும் அதில் அடங்கியிருக்கின்றன. அந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்று உண்டு. வரலாற்றுப் பட்டம் தனியாக நின்றால் பொதுவான தகுதி மட்டுமே. கல்வெட்டு வாசிப்பு, பழைய ஆவணக் கையெழுத்து, இன்னொரு மொழி, வரைபடம் தயாரித்தல் என ஏதாவது ஒரு திறன் அதோடு சேர்ந்தால் அது தொழிலாகிறது. அந்தத் திறனைப் பட்டம் வாங்கிய பிறகு தேடினால் தாமதம். படிக்கும்போதே தொடங்க வேண்டும்.

போட்டித் தேர்வுகள்: பாடம் தரும் முன்னிலை

பெரும்பாலான வரலாற்று மாணவர்களின் முதல் இலக்கு அரசுத் தேர்வு. டிஎன்பிஎஸ்சியின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். பாடத்திட்டத்தில் இந்திய வரலாறு, தேசிய இயக்கம், தமிழ்நாட்டின் வரலாறும் பண்பாடும், சமூக-அரசியல் இயக்கங்கள் ஆகியவை இடம்பெறுகின்றன. மற்றவர்கள் புதிதாகப் படிக்க வேண்டியதை வரலாற்று மாணவர் வகுப்பறையிலேயே படித்திருப்பார்.

யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் பலன் இன்னும் பெரிது. முதன்மைத் தேர்வின் முதல் பொது அறிவுத் தாளிலேயே பண்பாடும் வரலாறும் வருகின்றன. விருப்பப் பாடமாக வரலாற்றை எடுத்தால் 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள். எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 இதிலிருந்தே. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். எனவே ஆங்கிலத்தில் விரைந்து படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் தேவை.

தமிழ்வழி மாணவர்கள் கவனிக்க வேண்டிய சலுகை ஒன்றும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீதம் முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. பட்டப் படிப்பை மட்டும் தமிழ்வழியில் முடித்தால் போதாது என்று 2020 திருத்தம் சொல்கிறது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். அரசுக் கல்லூரிகள் பலவற்றில் வரலாறு தமிழ்வழியில் கற்பிக்கப்படுவதால், இந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதியானவர்கள் இந்த வகுப்புகளில் அதிகம். அதற்கான சான்றிதழ்களை அந்தந்தப் பள்ளியிலும் கல்லூரியிலும் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். தேர்வுக்குப் படியுங்கள், அதோடு கீழே வரும் வழிகளில் ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

ஆசிரியப் பணி: படிகள் எவை?

பி.ஏ. வரலாற்றுடன் இரண்டாண்டு பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாளில் தேறினால் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தகுதி கிடைக்கும். அரசுப் பள்ளிப் பணிக்கு அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு எம்.ஏ., பி.எட். இரண்டும் முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம்.

கல்லூரி ஆசிரியராக எம்.ஏ.வில் 55 சதவீத மதிப்பெண்ணும், தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியும் அடிப்படை. யுஜிசி ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். நிரந்தரப் பணி நியமனங்கள் ஆண்டுதோறும் நடப்பதில்லை. இடைக்காலத்தைக் கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த ஊதியத்தில் கழிப்பவர்கள் ஏராளம். முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர் இந்த நிலவரத்தை அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

அகழாய்வும் கல்வெட்டும்

வரலாற்று மாணவர்களுக்கு இங்கே உண்மையாகவே வேலை காத்திருக்கும் களம் இது. மாநிலத் தொல்லியல் துறை 1961இல் தொடங்கப்பட்டது. அது அண்மை ஆண்டுகளில் கீழடி, ஆதிச்சநல்லூர் வட்டாரம், கொற்கை, சிவகளை, மயிலாடும்பாறை என்று பல இடங்களில் அகழாய்வு செய்திருக்கிறது. ஒரு குழியில் தொழிலாளர்கள் மண்ணை அகற்றும்போது, எந்த மண்ணடுக்கில் எந்தப் பொருள் கிடைத்தது என்பதைப் பதிவு செய்யவும், வரையவும், பானை ஓடுகளைக் கழுவி வகைப்படுத்தவும், பின்னர் அறிக்கை எழுதவும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு வழிகள் உள்ளன. மாநிலத் தொல்லியல் துறை உதவித்தொகையுடன் முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறையும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல், கடல்சார் வரலாறு, ஓலைச்சுவடித் துறைகளும் இருக்கின்றன. புணேயின் டெக்கான் கல்லூரி தொல்லியலுக்குப் புகழ்பெற்றது. கிரேட்டர் நொய்டாவிலுள்ள மத்தியத் தொல்லியல் நிறுவனத்தின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம், மத்தியத் துறையின் உயர் பணிகளுக்குச் செல்ல விரும்புவோருக்குப் பெரிய பலம். 2020இல் அதன் சேர்க்கை அறிவிப்பில் தகுதிப் பாடங்களின் பட்டியலிலிருந்து தமிழ் விடுபட்டிருந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்க்கப்பட்டது. அப்படிப் போராடிப் பெற்ற வாய்ப்பை நம் பிள்ளைகள் பயன்படுத்தாமல் விட்டால் அந்த இழப்புக்கு நாமே பொறுப்பு.

கல்வெட்டியலின் தேவை இதைவிடவும் அவசரமானது. இந்தியாவில் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகளில் தமிழுக்கே பெரும்பங்கு. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் முதல் தொகுதி ஹுல்ஷ் பதிப்பில் 1890இல் வந்தது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. ஆனாலும் மைப்படி எடுத்துச் சுருக்கக் குறிப்பு மட்டும் வெளியாகி, முழுப் பாடம் அச்சேறாமல் கிடப்பவை மிகப் பல. தமிழ்ப் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம், சோழர் காலத் தமிழ் எழுத்து ஆகியவற்றைச் சரளமாக வாசிப்போர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

ஒரு கல்வெட்டை வாசிப்பதால் என்ன தெரியவரும்? ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரு சோழர் கால ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிராமணர் ஊரில் நிலம் தனியார் கையிலும், வேளாண் ஊரில் ஊராரின் கூட்டுடைமையிலும் இருந்ததை நிலவிற்பனை விவரங்களிலிருந்து காட்டினார். பின்னர் எ. சுப்பராயலு முதலியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978இல் வெளியிட்டார். அரசர்களின் போர்களைத் தாண்டி, நிலம் யாரிடம் இருந்தது, வரி யார் கட்டினார்கள் என்று கேட்கும் வரலாறு இப்படித்தான் பிறந்தது. ஜப்பானிலிருந்து வந்து ஒருவர் தமிழ்க் கல்வெட்டுகளில் ஆயுளைச் செலவிட்டிருக்கிறார். தன் ஊர்க் கோயில் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்கும் வாய்ப்பு நம் மாணவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆவணக் காப்பகம், சுவடி, அருங்காட்சியகம்

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பதிவுகள் முதல் காலனிய ஆட்சியின் கோப்புகள் வரை காக்கிறது. ஒரு கிராமத்தின் ஏரி, ஒரு சாலை, ஒரு பஞ்சம், ஒரு வழக்கு என எதைத் தேடினாலும் அங்கே தடம் கிடைக்கும். தேசிய ஆவணக் காப்பகம் 1891இல் கொல்கத்தாவில் தொடங்கி இப்போது டெல்லியில் இயங்குகிறது. அதன் ஆவணவியல் பள்ளியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. பழைய தாளைப் பழுதுபார்த்தல், பட்டியலிடுதல், மின்னாக்கம் எல்லாவற்றையும் அங்கே கற்கலாம்.

இந்தத் திறனுக்கு அரசுக்கு வெளியிலும் தேவை உண்டு. புணேயில் டாடா நிறுவனமும் ரிசர்வ் வங்கியும், மும்பையில் கோத்ரெஜ் நிறுவனமும் தங்களுக்கெனக் காப்பகம் நடத்துகின்றன. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2019இல் அறிவியல் வரலாற்றுக்கான காப்பகத்தைத் திறந்தது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல் திரட்டிலிருந்து 1994இல் உருவானது. அச்சுத் தமிழின் வரலாற்றை ஆராய்பவர்கள் அங்கே வராமல் இருக்க முடியாது.

சுவடித் துறையும் விரிகிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவை பெரும் சேமிப்பிடங்கள். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. 2025 மத்திய பட்ஜெட், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை அளவிட்டுப் பாதுகாக்கும் ஞான பாரதம் திட்டத்தை அறிவித்தது. சுவடி படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் இந்தத் திட்டங்கள் எதுவும் முழுமை பெறாது.

அருங்காட்சியகம் என்றால் 1851இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். காப்பாட்சியர் பணிக்கு அருங்காட்சியகவியல் பயிற்சி உதவும். வடோதரா பல்கலைக்கழகத்திலும் நொய்டாவிலுள்ள இந்திய மரபு நிறுவனத்திலும் அதற்கான முதுநிலைப் படிப்புகள் உள்ளன. மாமல்லபுரம், சோழர் பெருங்கோயில்கள், நீலகிரி மலை ரயில் ஆகியவற்றோடு, 2025இல் மராத்தியக் கோட்டைகளின் தொகுப்பில் செஞ்சியும் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இங்கே வரும் பயணிகளுக்குக் கட்டுக்கதை சொல்லாமல் சான்றோடு விளக்கும் வழிகாட்டிகளுக்கு நல்ல எதிர்காலம் உண்டு. ஆவணப்படம், பதிப்பகம், பத்திரிகை, மூன்றாண்டு சட்டப் படிப்பு ஆகியவையும் வரலாற்று மாணவர்கள் சென்று நன்றாக நிலைத்த இடங்களே.

ஆய்வு: உதவித்தொகை எங்கே?

எம்.ஏ.வுக்கு வெளிமாநில மத்தியப் பல்கலைக்கழகங்களை எண்ணிப் பார்க்கலாம். ஜவஹர்லால் நேரு, ஹைதராபாத், டெல்லி, பாண்டிச்சேரி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் க்யூட் முதுநிலை நுழைவுத் தேர்வே வாசல். தமிழ்வழியில் படித்து அங்கே செல்பவர்கள் முதல் ஆண்டில் ஆங்கிலத்தோடு போராட நேரும். நூலகங்களும் விவாதங்களும் தரும் வளர்ச்சி அந்தச் சிரமத்துக்கு ஈடானது.

நெட் தேர்வில் உயர் மதிப்பெண் பெறுவோருக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகையாக முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கிறது. 1972இல் அமைந்த இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகமும் ஆய்வு உதவித்தொகை தருகிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு காமன்வெல்த், ஃபீலிக்ஸ், ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைகள் உள்ளன. பட்டியலின மாணவர்கள் முதலியோருக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, இந்திய வரலாறு, பண்பாடு சார்ந்த தலைப்புகளை 2022 விதிகளில் விலக்கியது. ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றை அவர்கள் பிள்ளைகளே உலக அரங்கில் எழுதும் வழியை மறிக்கும் இந்த விதி நீக்கப்பட வேண்டும்.

முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டியவை

முதல் ஆண்டில் ஓர் எழுத்து முறையைப் பழகுங்கள். வட்டெழுத்தோ கிரந்தமோ, வாரம் சில மணி நேரம் போதும். ஊர்க் கோயில் சுவரில் எழுத்தைத் தேடி, அச்சான பாடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு மொழி அல்லது இன்னோர் எழுத்து முறை: பிரெஞ்சு, டச்சு, பாரசீகம், சமஸ்கிருதம், தஞ்சை மராத்தியர் ஆவணங்களுக்கான மோடி எழுத்து என எதையும் எடுக்கலாம். தமிழகக் கடற்கரையின் மூன்று நூற்றாண்டுக் கதை டச்சு, டேனிஷ், பிரெஞ்சு ஆவணங்களில் கிடக்கிறது. அவற்றை நேரடியாகப் படிக்கக்கூடிய தமிழர்கள் மிகச் சிலரே. மூன்றாம் ஆண்டில் இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ் கொண்டு வரைபடம் தயாரிக்கப் பழகுங்கள். விடுமுறையில் அகழாய்வுக் களத்திலோ நூலகத்திலோ பயிற்சி கேளுங்கள். தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழைப் படியுங்கள். தென்னிந்திய வரலாற்றுப் பேரவை போன்ற கூட்டங்களில் ஒரு சிறு கட்டுரையாவது வாசியுங்கள்.

கல்லூரிகளும் மாற வேண்டும். ஆண்டுகளையும் போர்களையும் மனப்பாடம் செய்யவைக்கும் வினாத்தாளால் எந்தத் திறனும் வளராது. ஒவ்வொரு வரலாற்றுத் துறையும் அருகிலுள்ள ஒரு கோயில், ஒரு பத்திர அலுவலகம் அல்லது ஒரு பழைய பள்ளியின் பதிவேடுகளை மாணவர்களின் ஆய்வுக்களமாக ஏற்கலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அரசு தன் தொல்லியல், ஆவண, அருங்காட்சியகத் துறைகளின் காலியிடங்களை ஆண்டுதோறும் முறையாக நிரப்ப வேண்டும். பெருமையோடு கீழடியைப் பேசும் அரசுக்கு அது கடமை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஆசைப்பட்டு வரலாறு கேட்டால் தடுக்காதீர்கள். 'எந்தத் திறனைக் கற்கப் போகிறாய்?' என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் தெளிவான பதில் இருந்தால், வரலாற்றுப் படிப்பு அச்சப்பட வேண்டிய தேர்வு அல்ல.