ஒரு மீட்டர் இடைவெளி: ஓர் அறைக்குள் எத்தனை பேர்? கணக்கு சொல்லும் பதில்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18. நாடு முழுவதும் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். அப்போது நீங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், தரையில் ஒட்டிய அந்த மஞ்சள் டேப் உங்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். காஜாங் எம்.ஆர்.டி ரயிலில் ஒன்று விட்டு ஒன்று உட்கார வேண்டும். வங்கியில் பாதி நாற்காலிக்குக் குறுக்குக் கோடு. பேரங்காடி வாசலில் வரிசைப் புள்ளிகள்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே விதிதான்: குறைந்தது ஒரு மீட்டர் கூடல் இடைவெளி. மலேசியாவும் உலகச் சுகாதார நிறுவனமும் சொன்னது இந்த அளவைத்தான். இந்தியாவில் 6 அடி என்றார்கள், பிரிட்டனில் முதலில் 2 மீட்டர் என்றார்கள்.

விதி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் "அப்படியென்றால் இந்த அறையில் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. பரப்பளவைப் பொறுத்து மட்டுமல்ல, ஆட்களை எப்படி அடுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். எப்படி என்று பார்ப்போம்.

வரிசையில் நின்றால்?

எளிதானதில் இருந்து தொடங்கலாம். கோயில் அன்னதான வரிசைக்கு 10 மீட்டர் நீளம் இருக்கிறது. மீட்டருக்கு ஒருவர் என்றால் எத்தனை பேர் நிற்கலாம்?

பலரும் சட்டென்று 10 என்பார்கள். சரியான விடை 11. இடைவெளிகள்தான் 10, முதல் புள்ளியிலும் ஒருவர் நிற்கிறார் இல்லையா?

ரயில் இருக்கையிலும் இதே கதைதான். வரிசையாக 7 இருக்கைகள் இருந்து, ஒன்று விட்டு ஒன்று உட்கார வேண்டுமானால், ஓரத்து இருக்கையில் தொடங்கினால் 4 பேர் உட்காரலாம். இரண்டாவது இருக்கையில் தொடங்கினால் 3 பேர்தான். இடைவெளி ஒன்றுதான், ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கிய இடம்தான் வேறு. ஓர் ஆளுக்கு இடம் போயாச்சு.

எல்லாருக்கும் சமமான தூரம் சாத்தியமா?

மூன்று பேர் என்றால் சாத்தியம். சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் நின்றால், யாருக்கும் யாருக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர்.

நான்காவது ஆள் வந்தால்? தரையில் எங்கே நிறுத்தினாலும் மற்ற மூவரிடமிருந்தும் ஒரு மீட்டர் தூரம் வராது. அவரைத் தூக்கி, முக்கோணத்தின் நடுவே சுமார் 82 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால்தான் நடக்கும். அதனால் கூட்டத்தில் "சம இடைவெளி" என்று சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் சமமான தூரம் என்றுதான் அர்த்தம்.

சதுரமா, முக்கோணமா?

ஓர் அறையில் ஆட்களை நிறுத்தப் பொதுவாக இரண்டு வழிகள்.

முதலாவது, தேர்வு மண்டபத்து மேசை போல நேர் நேராகச் சதுரக் கட்டம். இதில் உங்களைச் சுற்றி 4 பேர் ஒரு மீட்டரில் இருப்பார்கள். மூலைவிட்டத்தில் இருக்கும் 4 பேர் 1.41 மீட்டரில் இருப்பார்கள். அந்தக் கூடுதல் 41 சென்டிமீட்டரை விதி கேட்கவில்லை. இடம் சும்மா கிடக்கிறது.

இரண்டாவது, ஒரு வரிசை விட்டு அடுத்த வரிசையை அரை மீட்டர் தள்ளி வைப்பது. முன்னால் இருக்கும் இரண்டு பேரின் நடுவே நீங்கள் வருவீர்கள். இப்போது வரிசைகளுக்கு இடையே ஒரு மீட்டர் தேவையில்லை, 87 சென்டிமீட்டர் போதும். உங்களைச் சுற்றி 6 பேர், எல்லாரும் ஒரே தூரத்தில். தேன்கூட்டின் அறுகோண அமைப்பு இதுதான்.

எல்லையே இல்லாத பரப்பில் இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது. நார்வே கணிதவியலாளர் ஆக்செல் தூ இதற்கு நிரூபணம் தந்தார். பின்னர் 1940-களில் ஹங்கேரியின் லாஸ்லோ ஃபேயஷ் தோத் அதை முழுமையாக்கினார். சதுரக் கட்டத்தைவிட இதில் சுமார் 15 விழுக்காடு அதிகம் பேருக்கு இடம் உண்டு.

அப்போ எல்லா இடத்திலும் முக்கோணமே போட்டுவிடலாமா?

அங்கேதான் சுவர் குறுக்கே வருகிறது. கீழே உள்ள கணக்கைப் பாருங்கள். ஆட்கள் ஓரம் வரை நிற்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

• 100 மீட்டருக்கு 100 மீட்டர் திடல்: சதுரக் கட்டத்தில் 10,201 பேர், முக்கோணத்தில் 11,658 பேர்.
• 10-க்கு 10 மீட்டர் மண்டபம்: சதுரத்தில் 121, முக்கோணத்தில் 126.
• 4-க்கு 4 மீட்டர் அறை: சதுரத்தில் 25, முக்கோணத்தில் 23.

கவனித்தீர்களா? திடலில் 1,457 பேர் கூடுதல். மண்டபத்தில் வெறும் 5 பேர். சின்ன அறையில் முக்கோணம் தோற்றே போகிறது. தள்ளி வைத்த ஒவ்வொரு வரிசையிலும் ஓர் ஆள் குறைவதுதான் காரணம். பெரிய இடத்தில் அந்த இழப்பு தெரியாது, சின்ன அறையில் அது நேரடியாக அடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. முக்கோணத்தில் கூடுதல் ஆட்கள் வந்தாலும், ஒருவருக்குத் தொற்று இருந்தால் ஒரு மீட்டரில் இருப்பவர்கள் 4 பேர் அல்ல, 6 பேர். நிறைய பேருக்கு இடம் கொடுப்பதும் அவர்களைப் பாதுகாப்பதும் எப்போதும் ஒன்றல்ல.

இடைவெளியை 2 மீட்டராக்கினால் என்ன ஆகும்? அதே 10-க்கு 10 மண்டபத்தில் சதுரக் கட்டத்தில் 121 பேர் 36 பேராகச் சுருங்கிவிடுவார்கள். தூரம் இரட்டிப்பானால் ஆட்கள் பாதியாவதில்லை, கிட்டத்தட்ட கால்வாசிக்கு இறங்குகிறார்கள். ஒரு சாத்தே கடைக்கோ திருமண மண்டபத்துக்கோ இது வாழ்வா சாவா என்ற வித்தியாசம்.

விருந்து மேசையில்?

நம்ம ஊர் விருந்துகளில் 10 பேர் சுற்றி உட்காரும் வட்ட மேசையைப் பார்த்திருப்பீர்கள். மேசையின் நடுவிலிருந்து உங்கள் தலை சுமார் ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் அங்கே சரியாக 6 பேர்தான் உட்கார முடியும். 10 பேரும் வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் நடுவிலிருந்து 1.62 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். அப்புறம் நடுவில் இருக்கும் மீன் தட்டு யாருக்கும் எட்டாது!

இடைவெளி கேட்கவே முடியாதவர்கள்

இதுவரை சொன்ன இடங்களில் எல்லாம் நமக்கு ஒரு வழி இருந்தது. கூட்டமாக இருந்தால் வெளியே காத்திருக்கலாம், தாபாவ் செய்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். தொழிலாளர் விடுதியில் அந்த வழி இல்லை. வேலை முடிந்து திரும்பிப் போகும் இடமே அதுதான்.

2020 நவம்பரில் கிள்ளான் மேருவில், கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர் விடுதிகளோடு தொடர்புடைய தெராத்தாய் தொற்றுத் திரளையில் 5,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் உள்ள காஜாங் போன்ற ஊர்களுக்கும் இது அந்நியமான செய்தி அல்ல.

தங்குமிடத்துக்குச் சட்டம் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரநிலைகளைச் சொல்லும் 446-ஆவது சட்டம் 1990-இல் வந்தது. தொடக்கத்தில் அது தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டும்தான். தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த நம்ம தாத்தா பாட்டிகளின் வாழ்க்கையோடு தொடர்புடைய சட்டம் என்றும் சொல்லலாம். 2020 ஜூன் 1 முதல் மற்ற துறைகளுக்கும் அது விரிவானது. அதன் விதிமுறைப்படி, பலர் சேர்ந்து படுக்கும் விடுதியில் ஓர் ஆளுக்குத் தூங்கும் இடம் குறைந்தது 3 சதுர மீட்டர்.

3 சதுர மீட்டர் போதுமா? ஆட்களைச் சதுரக் கட்டமாகச் சமமாகப் பரப்பினால், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் 1.73 மீட்டர் கிடைக்கும். தாளில் பார்த்தால் நல்ல தூரம். ஆனால் நிஜத்தில் இருப்பது மாடிக் கட்டில். ஒரே புள்ளியில் மேலே ஒருவர், கீழே ஒருவர். பரப்பளவுக் கணக்கு சரியாக இருக்கும், மீட்டர் கணக்கு உதைக்கும். "ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர்" என்ற விதி, இருவருக்கு நடுவே உள்ள தூரத்தைப் பற்றி எதுவும் உறுதி தருவதில்லை.

சரி, அறையைப் பெரிதாக்க முடியாதபோது வேறு வழியே இல்லையா? ஒன்று இருக்கிறது, செலவே இல்லாதது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களின் நடுப்பகுதிகளுக்கு இடையே 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் ஒரே பக்கம் தலை வைத்தால், முகங்களுக்கு இடையே 1.2 மீட்டர்தான். ஒருவர் தலைமாட்டிலும் அடுத்தவர் கால்மாட்டிலுமாக மாற்றி மாற்றித் தலை வைத்தால், முகங்களுக்கு நடுவே சுமார் 2.16 மீட்டர்! நீங்கள் படித்த பைதகோரஸ் தேற்றம்தான் இது: 1.2 ஒரு பக்கம், 1.8 மீட்டர் இன்னொரு பக்கம், விடை கர்ணம். சிறைகளுக்கும் மற்ற தடுப்பு மையங்களுக்கும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்ன ஆலோசனைகளில் இதுவும் ஒன்று.

கணக்கின் எல்லை எது?

புள்ளிகள் அசையாது, மனிதர்கள் அசைவார்கள். ஒரு மீட்டர் என்பது சுவரும் அல்ல. காற்றோட்டம் இல்லாத அறையில் நுண்துளிகள் அதையும் தாண்டிப் பரவும். அதனால்தான் நம் சுகாதார அமைச்சு இடைவெளியோடு நிறுத்தாமல், நெரிசல், அடைபட்ட இடம், நெருங்கிய உரையாடல் மூன்றையும் தவிர்க்கச் சொன்னது.

2022 ஏப்ரல் 1 முதல் நாடு எண்டமிக் கட்டத்துக்கு மாறியது. தரையில் இருந்த டேப்பும் உரிந்துவிட்டது. ஆனால் தேர்வு மண்டபம், வெள்ள நிவாரண மையம், விடுதி என மனிதர்களை அடுக்க வேண்டிய இடங்கள் இருந்துகொண்டேதான் இருக்கும்.

சுருக்கமாக:

• வரிசையில், இடைவெளிகளைவிட ஆட்கள் ஒருவர் கூடுதல்.
• பெரிய திடலில் முக்கோண அமைப்பு, சின்ன அறையில் பெரும்பாலும் சதுரம்.
• தூரம் இரட்டிப்பானால் ஆட்கள் ஏறக்குறைய கால்வாசி.
• "இங்கே எத்தனை பேர் தங்கலாம்?" என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கிருந்து எங்கே அளந்தீர்கள்? ஆட்களை எப்படி வைத்தீர்கள்?