ஆட வைத்த சாக்சபோன்!
கத்ரி கோபால்நாத்துடன் ஊதிய அமெரிக்கர்

ஆற்காடு, ஆம்பூர் பக்கம் கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்காரர் ஊதும் சாக்சபோனை பார்த்திருப்பீர்கள். உடம்பு பித்தளை. ஓட்டைகளை மூடும் மெத்தைகளின் மேல் தோல். தோல் நைந்தால் காற்று கசியும். அப்புறம் சுரம் எழும்பாது!

இந்தக் கருவியில் பேர் வாங்கியவர் ஜான் ஹாண்டி. அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 1933-ல் பிறந்த கறுப்பர் இனக் கலைஞர். 1965-ல் மாண்டரே விழாவில் ஜாஸ் வாசித்து புகழ் அடைந்தார். சரோட் மேதை அலி அக்பர்கானுடனும் ஜோடி சேர்ந்தார்.

தாளம் மாறியது

1976-ல் பாதையை மாற்றினார். "ஹார்ட் வொர்க்", அதாவது கடின உழைப்பு என்று ஒரு இசைத்தட்டு. 'சோல்', 'ஃபங்க்' என்னும் ஆட்டத் தாளம். ஹாண்டியே பாடவும் செய்தார். தட்டு சக்கைப்போடு போட்டது!

ஆட்டப் பாட்டுக்குப் போனால் வித்தை கெட்டுவிடும் என்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஹாண்டி விஷயத்தில் அது பலிக்கவில்லை. அதற்குப் பிறகும் அலி அக்பர்கான், நம்ம வயலின் வித்வான் எல்.சுப்பிரமணியம் ஆகியோருடன் "ரெயின்போ" என்ற தட்டில் ராகம் வாசித்தார்.

பம்பாயில் சந்திப்பு

1980-ல் பம்பாய் ஜாஸ் விழா. சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் பயின்ற கத்ரி கோபால்நாத், சாக்சபோனில் கர்நாடக ராகம் ஊதினார். ஹாண்டி அசந்து போனார். தானும் கூட வாசிக்க ஆசைப்பட்டார். இருவரும் ஒரே மேடையில் ஊதினார்கள்!

1994-ல் கோபால்நாத் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி செய்தார். அதே ஆண்டு ஏ.ஆர்.ரகுமான் இசையில் "டூயட்" படத்துக்கும் ஊதினார்.

சினிமாவுக்கு ஊதியதால் மதிப்பு குறைந்ததா? இல்லை. 2004-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2019-ல் அவர் காலமானார்.