உங்களுக்குத் தெரியுமா? மேடைக்கு அடியில் ஓடிய ஆளில்லா வண்டிகள்

அபுதாபி விமான நிலையத்தை ஒட்டி, 2006-இல் அறிவிக்கப்பட்டு 2008-இல் கட்டத் தொடங்கப்பட்ட மஸ்தார் நகரம், பெட்ரோல், டீசல் கார்கள் நுழையாத நகரமாகவே திட்டமிடப்பட்டது. பிரிட்டனின் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் வகுத்த வரைபடம், நகரையே ஒரு மேடைமீது உயர்த்தி, மேல்தளத்தின் குறுகிய நிழல் தெருக்களை நடப்பவர்களுக்கு விட்டு, அடித்தளத்தை ‘தனிநபர் விரைவுப் போக்குவரத்து’க்கு ஒதுக்கியது, அதாவது, சிலர் மட்டுமே அமரும் சிறு மின்வண்டி, கால அட்டவணையின்றிப் பயணி விரும்பும்போது புறப்பட்டு, இடையில் நில்லாமல் அவர் குறித்த நிலையத்துக்கே செல்லும் முறை. ஓட்டுநரற்ற அவ்வண்டிகள், பாதையில் பதித்த காந்தங்களைக் கொண்டு தம் இருப்பிடத்தைச் சரிபார்த்தபடி, 2010-இல் இரு பயணியர் நிலையங்களுக்கிடையே ஏறத்தாழ 800 மீட்டர் ஓடத் தொடங்கின; எனினும், நகரெங்கும் விரிய வேண்டிய வலைப்பின்னல் அந்த ஒரு துண்டோடு நின்றுபோனது. முழு நகரையும் மேடைமீது தூக்கிக் கட்டும் செலவு மிகுந்ததாலும், சாலையில் ஓடும் மின்கார்கள் அதே பணிக்குப் போதும் எனக் கருதப்பட்டதாலும், பின்னர் எழுந்த பகுதிகள் தரைமட்டத்திலேயே அமைந்தன. ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு தனி வண்டி என்பது, உண்மையில், காரை விலக்காமல் அதன் உரிமையாளரை மட்டும் மாற்றிய ஏற்பாடே. அத்தகைய வண்டிகள் லண்டனிலும் உண்டு: ஹீத்ரோ விமான நிலையத்தின் 5-ஆம் முனையத்தையும் அதன் கார் நிறுத்துமிடத்தையும் 2011 முதல் அவை இணைத்துவருகின்றன.