கூரை விளக்கும் நுண்கட்டுப்படுத்தியும்

கூரை விளக்கைக் கைபேசியிலிருந்து இயக்க வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவிக்கு முதல் தேவை ஒரு நுண்கட்டுப்படுத்தி. செயலி, நினைவகம், உள்ளீடு-வெளியீட்டுக் கால்கள் எல்லாம் ஒரே சில்லில் அடங்கியது அது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவான ஆர்டுயினோ பலகை, மின்னணுவியல் படிக்காதவர்களுக்கும் இதை வசப்படுத்தியது. ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஈ.எஸ்.பி.8266 சில்லிலோ வைஃபையும் சேர்ந்தே வந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்எம்சியு பலகையில் இருப்பது அதுதான்.

சில்லின் கால் தருவது 3.3 வோல்ட்; அதில் 12 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. விளக்குக்குப் போவது 230 வோல்ட். இரண்டையும் பிரித்து நிற்பது ரிலே. அதன் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகித் தகட்டை இழுக்கும். 'டிக்' என்று தொடுமுனைகள் சேரும். 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் கேட்பதால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தும்போது சுருளில் எதிர்த்தெழும் மின்னழுத்தம் அந்த டிரான்சிஸ்டரைப் பதம்பார்க்காமலிருக்க, சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு. கடையில் விற்கும் ரிலே மாட்யூலில் இவை எல்லாமே உண்டு. தனித்தனியாகப் பற்றவைப்பதைவிட அதை வாங்குவதே மேல்.

ரிலே துண்டிக்க வேண்டியது பேஸ் கம்பியை. நியூட்ரலைத் துண்டித்தாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறுபவருக்கு அது ஆபத்து.

இத்தகைய கருவிகள் பெரும்பாலும் சறுக்குவது சுவர் சுவிட்சில்தான். அதை யாராவது அணைத்துவிட்டால் கைபேசி என்ன சொன்னாலும் விளக்கு எரியாது. அதை எடுத்தேவிட்டாலோ, வைஃபை போன இரவில் வீட்டிலுள்ளோர் இருட்டில் தடவ வேண்டியதுதான். மாடிப்படி விளக்குக்கு ஒயர்மேன் போடும் டூ-வே இணைப்பு இதற்கு நல்ல தீர்வு. சுவரில் டூ-வே சுவிட்ச். அதன் பொதுமுனை தவிர்த்த இரு முனைகளிலிருந்தும் ரிலேயின் என்.ஓ. (இயல்பில் திறந்தது), என்.சி. (இயல்பில் மூடியது) முனைகளுக்கு இரண்டு கம்பிகள். ரிலேயின் பொதுமுனையிலிருந்து விளக்குக்கு ஒன்று. எதை மாற்றினாலும் விளக்கின் நிலை மாறும். சில்லே கெட்டாலும் சுவர் சுவிட்ச் வேலை செய்யும். ஆனால் ரிலே இருக்கும் பக்கத்தை மட்டும் வைத்து விளக்கு எரிகிறதா என்று சில்லால் சொல்ல முடியாது. விளக்குக்குப் போகும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்பதை இரு பக்கங்களையும் ஒளியால் மட்டுமே இணைக்கும் ஓர் ஆப்டோகப்ளர் வழியாகப் படிக்க வேண்டும்.

எல்.இ.டி. விளக்கு குறைந்த வாட் என்று அலட்சியம் கூடாது. போட்ட கணத்தில் அதன் மின்தேக்கி நிரம்ப, இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். பல விளக்குகள் ஒரே ரிலேயில் இருந்தால் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளக்கூடும். பிறகு அணைத்தாலும் அணையாது.

ஒளியைக் கூட்டிக் குறைக்க ரிலே உதவாது, டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைக் கடக்கிறது. ஒவ்வொரு முறையும் அதன்பின் எவ்வளவு தாமதித்து டிரையாக் திறக்கிறதோ அவ்வளவு ஒளி குறையும். சாதாரண எல்.இ.டி. பல்பு இதில் மினுங்கும். 'டிம்மபிள்' என்று அச்சிட்டவையே பொருந்தும்.

நிரலையும் 5 வோல்ட் பகுதியையும் யாரும் மேசையில் வைத்துச் சோதிக்கலாம். 230 வோல்ட் இணைப்பை எம்.சி.பி.யை அணைத்து, டெஸ்டரால் உறுதிசெய்தபின், உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே போட வேண்டும்.