"ஒண்ணும் ஆகலை"னு கிளம்பிடாதீங்க... விபத்துக்குப் பிறகு தாமதமாக வரும் வலி!

பெரியபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் போகும் வழியில் கார் லேசாக மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பம்பர் மட்டும்தான் நசுங்கியிருக்கிறது. "ஒண்ணும் ஆகலை" என்று எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை!

பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின், வலியை அப்போதைக்கு மறைத்துவிடும். தலை முன்னும் பின்னும் வெட்டி இழுபட்டதால் வரும் கழுத்துவலி பல மணி நேரம் கழித்தே தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

பயப்பட வேண்டியது தலைக்காயத்துக்குத்தான். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கின்போது விழுந்தார். நன்றாகப் பேசியவர், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். பிறகு தலைவலி வந்தது. இரண்டே நாளில் மரணம். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்தக் கசிவு சில வாரங்கள் கழித்துக்கூட வெளிப்படலாம். தாத்தா திடீரென்று தடுமாறினால் 'வயசாயிடுச்சு' என்று விடாமல், பழைய விபத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், கை கால் மரத்துப்போவது, சீட் பெல்ட் அழுத்திய தடத்தோடு வயிற்றுவலி... இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவச சிகிச்சை, விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குத்தான். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றால் பாதி நேரம் போய்விடும். போனதும் விபத்து என்பதைச் சொல்லி, மருத்துவமனைப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள்.