எஞ்சினுக்கு ஓர் எல்லை: சிறு கார்களில் சுழற்சி வரம்புக் கருவி

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் தேதியன்று, ஹைதராபாத் நகரில் உசேன் சாகர் ஏரியை ஒட்டிய சாலைகளில் ஃபார்முலா ஈ என்னும் மின்சாரக் கார்ப் பந்தயம் நடைபெற்றது. இந்தியாவில் அப்பந்தயம் நடந்தது அதுவே முதல் தடவையாகும். அதில் பிரெஞ்சு ஓட்டுநர் ழான் எரிக் வெர்ன் வெற்றி பெற்றார். அப்பந்தயக் கார்களில் கிளச் இல்லை. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே வலிமையான முறுக்கு விசையைத் தரவல்லது.

பெட்ரோல் எஞ்சினின் இயல்பு வேறு. ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்திற்குக் கீழே அதற்கு வலுவில்லை. வேறொரு வேகத்திற்கு மேலே அதற்குப் பாதுகாப்பில்லை. மேல் எல்லையைக் காப்பது சுழற்சி வரம்புக் கருவி. கீழ் எல்லையைக் கடந்து வண்டியை விரைந்து புறப்படச் செய்வது புறப்பாட்டுக் கட்டுப்பாடு. பந்தயக் கார்களுக்கென உருவான இவ்விரண்டும் இப்போது கடைகளில் தனிக் கருவிகளாகக் கிடைக்கின்றன. சிறு கார்களிலும் சிலர் இவற்றைப் பொருத்துகின்றனர்.

வேகமும் விசையும்

கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கை அதன் இழுப்பை உணர்கிறது. சுழற்சியை இரு மடங்காக்கினால் இழுப்பு நான்கு மடங்காகிறது. வகுப்பறையில் எளிதாகக் காட்டத்தக்க இந்த விதியே எஞ்சினுக்குள்ளும் ஆட்சி செய்கிறது.

பழைய மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று சிலிண்டர்கள் உண்டு. மொத்தக் கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழுமாகச் செல்லும் தூரம் 72 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. அதாவது பிஸ்டன் விநாடிக்கு இருநூறு முறை நின்று திரும்புகிறது. பிஸ்டனின் எடையைக் கால் கிலோ எனக் கொண்டு கணக்கிட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் அதை இணைக்கும் தண்டு சுமார் 360 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைத் தாங்க வேண்டும். சுழற்சி 7,000 ஆனால் அது ஏறத்தாழ 490 கிலோவாக உயரும். வேகம் ஆறில் ஒரு பங்கு கூடியது. விசையோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடிவிட்டது.

வால்வுகளுக்கும் இடர் உண்டு. அவற்றை மூடும் சுருள்வில்கள் அளவு மீறிய வேகத்தில் பின்தங்கிவிடும். மூடாத வால்வின்மேல் பிஸ்டன் மோதினால் எஞ்சின் ஒரு நொடியில் பாழாகும்.

கருவி செயற்படும் விதம்

எஞ்சின் வேகத்தைத் தானாக அடக்குவது புதிய எண்ணமன்று. ஜேம்ஸ் வாட் 1788-ஆம் ஆண்டிலேயே, சுழலும் இரு குண்டுகளைக் கொண்டு நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக்கினார். இக்காலத்துக் கருவி குண்டுகளுக்குப் பதிலாக மின் துடிப்புகளை எண்ணுகிறது. தீப்பொறிச் சுருளில் எழும் ஒவ்வொரு துடிப்பையும் கணக்கிட்டுச் சுழற்சி வேகத்தை அறிகிறது. குறித்த எல்லை வந்ததும் சில தீப்பொறிகளை நிறுத்தி விடுகிறது. வேகம் தணிந்ததும் மீண்டும் விடுகிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் எரிபொருள் பீச்சு முறைக் கார்களில் இப்பணியைக் கணிப்பொறிப் பெட்டியே செய்கிறது. அது பெரும்பாலும் தீப்பொறியை நிறுத்தாமல் பெட்ரோலை நிறுத்துகிறது. இவ்வேறுபாடு முக்கியமானது. தீப்பொறி மட்டும் நின்றால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று அங்கே எரியும். பந்தயக் கார்களில் கேட்கும் வெடியோசைக்கு இதுவே காரணம். புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கலம் உள்ள காரில் அக்கலம் அளவுக்கு மீறிச் சூடேறி உருகிவிடக்கூடும்.

புறப்பாட்டுக் கட்டுப்பாடு

இது இரண்டாவது, தாழ்ந்த வரம்பு ஒன்றேயாகும். கிளச் மிதியின் கீழே ஒரு சுவிட்சு பொருத்தப்படும். மிதி அழுந்தியிருக்கும்வரை எஞ்சின் தாழ்ந்த வரம்பைத் தாண்டாது; ஓட்டுநர் முடுக்கியை முழுதும் மிதித்தாலும் சுழற்சி அங்கேயே நிற்கும். மிதியை விட்டதும் மேல் வரம்பு நடைமுறைக்கு வரும். ஃபார்முலா ஒன் பந்தயங்களில் தானியங்கிப் புறப்பாட்டு முறை 2004-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டது. ஓட்டுநரின் திறமையே முன்னிற்க வேண்டும் என்பது அத்தடையின் கருத்து.

முன்சக்கரங்கள் இயக்கும் சிறு காரில் இதனால் பெரும்பயன் கிட்டாது. வண்டி விரையும்போது பாரம் பின்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களின் பிடிப்புக் குறைகிறது. அவை வீணே சுழல்கின்றன. அதிர்ச்சி முழுதும் கிளச், கியர், சக்கரத் தண்டு ஆகியவற்றின்மேல் விழுகிறது.

பொருத்துகையில் கவனிக்க வேண்டியவை

தீப்பொறிச் சுருளின் குறிப்புக் கம்பி, சாவி திருப்பியபின் மின்சாரம் வரும் கம்பி, எஞ்சின் உடலோடு இணையும் தரைக்கம்பி ஆகிய மூன்றும் உறுதியாக இணைக்கப்பட வேண்டும். புகைக்குழாய்க்கு அருகே கம்பி செல்லலாகாது. எல்லாவற்றிலும் பெரிய தவறு சிலிண்டர் எண்ணிக்கையை மாற்றிக் குறிப்பதே.

ஒரே தீப்பொறிச் சுருள் கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சின் சுற்றுக்கு ஒன்றரைத் துடிப்பும், நான்கு சிலிண்டர் எஞ்சின் இரண்டு துடிப்பும் தரும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் கருவியை ‘நான்கு’ என வைத்தால், எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது கருவி 4,500 என்றே கருதும். 6,000-இல் நிற்க வேண்டும் என்று வைத்த வரம்பு உண்மையில் 8,000-இல்தான் செயற்படும். எஞ்சினைக் காக்க வாங்கிய கருவியை நம்பியே எஞ்சினை இழக்க நேரிடும். ஆகவே முதற் சோதனையில் வரம்பை 3,000 போன்ற தாழ்ந்த அளவில் வைத்து, சுழற்சிமானியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே உயர்த்த வேண்டும். உற்பத்தியாளர் குறித்த சிவப்புக் கோட்டை ஒருபோதும் தாண்டலாகாது.

இக்கருவியால் தடுக்க இயலாத இடர் ஒன்றும் உண்டு. விரைந்தோடும் காரில் தவறாகத் தாழ்ந்த கியரைப் போட்டால், சக்கரங்களே எஞ்சினை வலிந்து சுழற்றும். தீப்பொறியை நிறுத்தினாலும் அச்சுழற்சி நிற்காது.

சட்டமும் பொறுப்பும்

பஸ், லாரிகளில் காணப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது சாலையில் வண்டி செல்லும் வேகத்தை அடக்குவது. இது எஞ்சினின் சுழற்சியை மட்டும் அடக்குவது. சுழற்சி வரம்பு பொருத்திய காரும் மேல் கியரில் அபாயமான வேகத்தில் செல்ல வல்லதே.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 189-ஆம் பிரிவின்படி, மாநில அரசின் இசைவின்றிப் பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவது குற்றமாகும். உசேன் சாகர்ச் சாலைகளில் பந்தயம் நடந்தபோது அவை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுத் தடுப்புகள் எழுப்பப்பட்டிருந்தன. பந்தயக் கருவிக்கு உரிய இடம் அத்தகைய மூடிய தடமே. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் அதற்கென ஒரு தடம் உண்டு.

எஞ்சினுக்கு ஒரு வரம்பைக் கருவி வகுத்துத் தரும். சாலைக்கு உரிய வரம்பை ஓட்டுநரே வகுத்துக்கொள்ள வேண்டும். இவ்வேறுபாட்டை இளைஞர்க்கு உணர்த்துவது ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஆற்றத்தக்க தொண்டாகும்.